சர்ப்பகந்தா வேரின் கதை

“பச்சிலை தானே, என்ன செய்துவிடும்?” என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். “வேராவது இலையாவது, எல்லாம் ஏமாற்று” என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டு பேரும் கேட்க வேண்டிய கதை ஒன்று உண்டு. அது ஒரு வேரின் கதை.

அந்தச் செடியின் பெயர் சர்ப்பகந்தா. முழங்கால் உயரம், மிஞ்சினால் இடுப்பு உயரம் வளரும். தண்டைச் சுற்றி மூன்று மூன்று இலையாக இருக்கும். பூ வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கும். பழம் சின்னது. பழுத்தால் கறுத்துவிடும். மருந்து இருப்பது வேரில். வேரை வாயில் வைத்தால் ஒரே கசப்பு.

பீகார் மாநிலத்துக் கிராமங்களில் இந்த வேருக்குப் ‘பைத்தியத்துக்கு மருந்து’ என்றே பெயர். புத்தி கலங்கி ஆவேசமாகக் கத்துகிறவர்களுக்கு இந்த வேரை அரைத்துக் கொடுப்பார்கள். அவர்கள் அடங்கித் தூங்குவார்கள். கூலி வேலைக்குப் போகும் ஏழைத் தாய்மார்கள் அழுகிற பிள்ளைக்கும் இதைக் கொஞ்சம் கொடுத்துத் தூங்க வைத்தார்களாம். பிள்ளைக்குக் கொடுத்தது தவறு. ஆனால் வேருக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது என்ன சக்தி? எவ்வளவு கொடுக்கலாம்? யாருக்குக் கொடுக்கக் கூடாது? இது யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

கல்கத்தாவில் இரண்டு டாக்டர்கள் இதைக் கவனித்துப் பார்த்தார்கள். ஒருவர் கணநாத் சென். இவர் ஆயுர்வேதமும் கற்றவர், ஆங்கில மருத்துவமும் கற்றவர். மற்றவர் கார்த்திக் சந்திர போஸ். 1931-ஆம் ஆண்டில் இருவரும் சேர்ந்து ஒரு மருத்துவப் பத்திரிகையில் எழுதினார்கள். இந்த வேர் மனக் கோளாறை அடக்குகிறது. அதோடு இரத்த அழுத்தத்தையும் குறைக்கிறது என்று சொன்னார்கள்.

இரத்த அழுத்தம் என்றால் என்ன? குழாயில் தண்ணீர் ஓடும்போது குழாயின் சுவரை அழுத்துகிறது அல்லவா? அது போல இரத்தம் ஓடும்போது இரத்தக் குழாயின் சுவரை அழுத்துகிறது. அந்த அழுத்தம் அளவுக்கு மேல் போனால் அதுதான் ‘பிரஷர்’. கையில் பட்டையைச் சுற்றி அளக்கிறார்களே, அப்போது இரண்டு எண் சொல்வார்கள். 120-க்கு 80 என்றால் நல்லது. 140-க்கு 90, அதற்கு மேல் என்று பல முறை அளந்தும் வந்தால் அது நோய். இந்த நோயில் வலி இருக்காது. காய்ச்சல் இருக்காது. ஆள் நன்றாகவே இருப்பார். ஆனால் உள்ளே இதயமும் மூளையும் சிறுநீரகமும் கெட்டுக்கொண்டே வரும். ஒரு நாள் திடீரென்று கை கால் விழுந்துவிடும்.

1931-இல் இதற்குச் சரியான மருந்து உலகத்தில் எங்கும் இல்லை. அதனால்தான் கல்கத்தாச் செய்தி பெரிய செய்தி.

அதே சமயம் டில்லியிலும் ஒரு வேலை நடந்தது. அங்கே திப்பியா கல்லூரி என்று ஒரு கல்லூரி. ஆயுர்வேதமும் யுனானியும் சொல்லிக்கொடுத்தார்கள். அதை உருவாக்கியவர் ஹக்கீம் அஜ்மல் கான். பெரிய யுனானி வைத்தியர், சுதந்திரப் போராட்டத் தலைவர். 1921-இல் அந்தக் கல்லூரியைத் திறந்து வைத்தவர் மகாத்மா காந்தி. ஆங்கில மருத்துவத்தை அவர் குறை சொல்லாத நாள் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பேசும்போது, மேல்நாட்டு விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி ஊக்கத்தை மதிப்பதாகச் சொன்னார். தம் சண்டை அந்த ஊக்கத்தோடு இல்லை என்றும் சொன்னார்.

அந்தக் கல்லூரியில்தான் சலீமுஸ்ஸமான் சித்திக்கி என்ற ரசாயன அறிஞர் சர்ப்பகந்தா வேரைப் பிரித்துப் பார்த்தார். வேருக்குள் ஒரு பொருள் இல்லை, பல பொருள்கள் இருந்தன. ஒரு பொருளுக்கு ‘அஜ்மலின்’ என்று பெயர் வைத்தார். 1927-இல் இறந்துபோன அஜ்மல் கானின் நினைவாக வைத்த பெயர் அது. இதயத் துடிப்பில் உள்ள கோளாறைக் கண்டுபிடிக்க இன்றும் பல நாட்டு மருத்துவமனைகளில் அஜ்மலின் பயன்படுகிறது.

அடுத்தது பம்பாய். ருஸ்தம் ஜால் வக்கீல் என்ற இதய டாக்டர் பல ஆண்டுகள் இந்த வேர் மருந்தைத் தம் நோயாளிகளுக்குக் கொடுத்துவந்தார். கொடுத்ததோடு விடவில்லை. 50 நோயாளிகளின் இரத்த அழுத்தத்தை மருந்துக்கு முன்பும் அளந்தார், பின்பும் அளந்தார். எண்களைக் குறித்து வைத்தார். 1949-இல் அதை இங்கிலாந்தில் வெளிவரும் இதய நோய்ப் பத்திரிகையில் எழுதினார். அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பீகார் கிராமத்துக்காரர்கள் எத்தனையோ காலமாகச் சொன்னதை உலகம் கேட்கவில்லை. எண்களோடு எழுதியபோது கேட்டது.

1952-இல் சுவிட்சர்லாந்து நாட்டில் ஒரு மருந்துக் கம்பெனியின் விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ‘ரெசர்பின்’ என்ற பொருளைத் தனியாக எடுத்தார்கள். இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் முக்கியமான பொருள் இதுதான் என்று தெரிந்தது. அது மாத்திரையாக வந்தது.

வேராகச் சாப்பிட்டால் என்ன, மாத்திரையாகச் சாப்பிட்டால் என்ன என்று கேட்கலாம். வித்தியாசம் அளவில் இருக்கிறது. ஒரு வேரில் ரெசர்பின் அதிகம் இருக்கும். வேறு மண்ணில், வேறு பருவத்தில் பிடுங்கிய வேரில் குறைவாக இருக்கும். ஒரு சிட்டிகைப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு நாளைக்குத் தேவையான ரெசர்பின் எவ்வளவு தெரியுமா? ஓர் அரிசியை இருநூறு பங்காக வெட்டினால் ஒரு பங்கு எவ்வளவு எடை இருக்குமோ, ஏறக்குறைய அவ்வளவே போதும். அதில் ஐந்து மடங்கு, பத்து மடங்கு தவறினால் ஆபத்து.

அந்த ஆபத்தும் விரைவில் தெரிந்தது.

நம் நரம்பு முனைகளில் சில பொருள்கள் இருக்கின்றன. அவை இரத்தக் குழாயை இறுக்கும். ரெசர்பின் அந்தப் பொருள்களைக் குறைத்துவிடும். குழாய் தளரும். அழுத்தம் இறங்கும். நல்லதுதான். ஆனால் அதே பொருள்கள் மூளையிலும் இருக்கின்றன. அங்கேயும் குறைந்துவிடும். அதனால்தான் இந்த வேரைச் சாப்பிட்டால் தூக்கம் வருகிறது. 1950-களில் அதிக அளவு மருந்து சாப்பிட்ட சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு வந்ததாக டாக்டர்கள் எழுதினார்கள். வாழவே பிடிக்கவில்லை என்று சொல்லும் அளவுக்குச் சிலர் போனார்கள். மூக்கு அடைப்பு, நாடி மெதுவாகத் துடிப்பது, வயிற்றுப் புண் அதிகமாவது, இவையும் உண்டு. அதற்குப் பிறகு டாக்டர்கள் அளவைக் குறைத்தார்கள். மனச்சோர்வு உள்ளவர்களுக்கும் வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும் கொடுப்பதை நிறுத்தினார்கள்.

இயற்கைப் பொருள் என்பதால் கெடுதல் இல்லை என்று சொல்வது சரியில்லை. அரளியும் இயற்கைதான். எட்டிக்காயும் இயற்கைதான்.

குணமானது மருந்தாலா?

அழுத்தம் இறங்கியது சரி. அதனால் உயிர் பிழைத்தார்களா? இது வேறு கேள்வி. இதற்குப் பதில் சொல்ல அமெரிக்காவில் ஒரு பெரிய சோதனை நடந்தது. அங்கே முன்னாள் படைவீரர்களுக்கு அரசு மருத்துவமனைகள் உண்டு. மிக அதிக இரத்த அழுத்தம் உள்ள 143 பேரை எடுத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல அவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். 73 பேருக்கு ரெசர்பினும் வேறு இரண்டு மருந்துகளும் கொடுத்தார்கள். மீதி 70 பேருக்கு அதே போலத் தெரியும் வெறும் மாத்திரை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது.

1967-இல் முடிவு வெளிவந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 70 பேரில் 27 பேருக்குப் பக்கவாதம், இதயக் கோளாறு போன்ற பெரிய ஆபத்துகள் வந்தன. அதில் சிலர் இறந்தார்கள். மருந்து சாப்பிட்ட 73 பேரில் 2 பேருக்குத்தான் ஆபத்து வந்தது. இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிட்டால் உயிர் தப்பலாம் என்பது அன்றைக்குத்தான் உறுதியானது. அந்த மருந்துகளில் ஒன்று நம் நாட்டு வேரிலிருந்து வந்தது.

ஏன் சீட்டுக் குலுக்க வேண்டும்? ஏன் வெறும் மாத்திரை கொடுக்க வேண்டும்? பார்க்கப் போனால் இது கொடுமையாகக்கூடத் தோன்றும். காரணம் இதுதான். சளி பிடித்தால் கஷாயம் குடிக்கிறோம். ஒரு வாரத்தில் சளி போய்விடுகிறது. குடிக்காவிட்டாலும் ஒரு வாரத்தில் போய்விடும். அப்படியானால் குணமாக்கியது கஷாயமா, நாளா? தெரியாது. ‘மருந்து சாப்பிட்டோம்’ என்ற நம்பிக்கையிலேயே பாதி வலி குறைவதும் உண்டு. ஆகவே ஒரே மாதிரியான இரண்டு கூட்டத்தாரை வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். சோதனைக்கு வருகிறவரிடம் எல்லாம் சொல்லி, அவர் சம்மதம் வாங்க வேண்டும் என்பது இன்றைய சட்டம். நல்ல மருந்து ஏற்கெனவே இருக்கும்போது வெறும் மாத்திரை கொடுத்து ஆளைச் சாகவிடக் கூடாது. அந்த மருந்தோடுதான் புது மருந்தை ஒப்பிட வேண்டும்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுக்கும் வழக்கம் எல்லோருக்கும் தெரியும். காமாலையில் பல வகை உண்டு. கெட்ட தண்ணீரால் வருவது பெரும்பாலும் சில வாரங்களில் தானே குணமாகும். கீழாநெல்லி சாப்பிட்டவருக்கும் குணமாகும், சாப்பிடாதவருக்கும் குணமாகும். ‘பி’ வகை என்று ஒன்று உண்டு. அது இரத்தத்தின் மூலம் பரவும். தாயிடமிருந்து பிள்ளைக்கும் வரும். சிலருக்கு உடம்பில் நிரந்தரமாகத் தங்கி ஈரலைக் கெடுக்கும். சென்னையில் இந்த ‘பி’ கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியைக் கொடுத்துச் சோதித்தார்கள். 1988-இல் முடிவு வந்தது. பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்துவிட்டது. வெறும் மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. உலகமே வியந்தது.

பிறகு வேறு இடங்களிலும் சோதித்தார்கள். அதே பலன் கிடைக்கவில்லை. ஏன்? செடியின் வகை வேறா, மண் வேறா, முதல் சோதனையில் ஏதாவது தற்செயலா என்று பல விதமாகப் பேசினார்கள். எதுவானாலும், ‘பி’ வகைக் காமாலையைக் கீழாநெல்லி போக்கும் என்று இன்றைக்கு உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் இலவசமாகப் போடுகிறார்கள். ஒரு முறை சோதித்தால் போதாது என்பதற்காகவே இந்தக் கதை.

எல்லாச் சோதனையும் இப்படி ஏமாற்றத்தில் முடிவதில்லை. பவுத்திரம் என்று ஒரு நோய். ஆசனவாய்க்குப் பக்கத்தில் துளை விழுந்து சீழ் வடியும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் ஆண்டுக்கணக்கில் அவதிப்படுவார்கள். ஆயுர்வேதத்தில் இதற்குக் காரநூல் சிகிச்சை உண்டு. ஒரு நூலை எடுத்து, இலைக்கள்ளிப் பால், நாயுருவிச் சாம்பலில் எடுத்த உப்பு, மஞ்சள் பொடி ஆகியவற்றை 21 முறை பூசிப் பூசிக் காய வைப்பார்கள். அந்த நூலைத் துளைக்குள் விட்டுக் கட்டுவார்கள். வாரத்துக்கு ஒரு முறை நூலை மாற்றுவார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாக அறுத்துக்கொண்டே ஆற்றும். இதை ஆபரேஷனோடு ஒப்பிட்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் பல மருத்துவமனைகளில் சோதித்தது. 1991-இல் முடிவு வந்தது. ஆபரேஷன் செய்தவர்களுக்கு நான்கு வாரத்தில் ஆறியது. காரநூல் கட்டியவர்களுக்கு எட்டு வாரம் ஆனது. ஆனால் நோய் திரும்ப வந்தது ஆபரேஷனில் 100-க்கு 11 பேருக்கு. காரநூலில் 100-க்கு 4 பேருக்குத்தான். ஆயுர்வேதம் சொன்னது இங்கே நின்றது. சோதித்ததால்தான் அதை அடித்துச் சொல்ல முடிகிறது. இதையும் படித்த வைத்தியர்தான் செய்ய வேண்டும். சந்தையில் உட்கார்ந்து “பவுத்திரம், மூலம் பார்க்கப்படும்” என்று போர்டு வைத்திருப்பவரிடம் போகக் கூடாது.

டப்பாவில் என்ன இருக்கிறது?

மருந்து நல்ல மருந்தாகவே இருக்கலாம். டப்பாவில் வருவது அந்த மருந்துதானா? சர்ப்பகந்தா வேருக்கு உலகம் முழுவதும் கிராக்கி வந்ததும் காட்டில் கண்ட இடமெல்லாம் தோண்டினார்கள். செடி அருகிப் போனது. அது வேறு நாட்டுக்குப் போவதை இப்போது சர்வதேச ஒப்பந்தம் கட்டுப்படுத்துகிறது. சரக்கு குறைந்தால் கலப்படம் வருவது வழக்கம்தானே. அதே இனத்தைச் சேர்ந்த வேறு செடியின் வேரைச் சர்ப்பகந்தா என்று விற்கிறார்கள்.

உலோகம் இன்னொரு கவலை. சில ஆயுர்வேத, சித்த மருந்துகளில் பாதரசம் போன்றவற்றை முறைப்படி சேர்ப்பார்கள். சிலவற்றில் தெரியாமல் கலந்துவிடும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தார்கள். 2004-இல் முடிவு வெளிவந்தது. எல்லாம் இந்தியாவிலிருந்தும் பக்கத்து நாடுகளிலிருந்தும் போனவை. 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், ஆர்செனிக் இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. ஈயம் சிறு குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பெரியவர்களுக்கு வயிற்று வலி, இரத்தசோகை, நரம்புத் தளர்ச்சி வரும். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மூலிகை மருந்துகளை வெளிநாட்டுக்கு அனுப்புமுன் உலோகச் சோதனை செய்தே ஆக வேண்டும் என்று 2006-இல் இந்திய அரசு விதி கொண்டுவந்தது.

மூட்டு வலிக்கும் ஆஸ்துமாவுக்கும் சில பொடிகள் விற்கிறார்கள். சாப்பிட்ட மறுநாளே வலி பறந்துவிடும். இப்படி மாயம் போல வேலை செய்தால் சந்தேகப்பட வேண்டும். அதில் ஸ்டீராய்டு என்ற ஆங்கில மருந்தைப் பொடித்துக் கலந்திருக்கலாம். பல மாதம் சாப்பிட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

நம் வீட்டில் ஒரு பாட்டி என்று வைத்துக்கொள்வோம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர் மாத்திரை இலவசமாகக் கொடுக்கிறார்கள். இரண்டு மாதம் சாப்பிட்டார். தலைசுற்றல் இல்லை, நன்றாக இருக்கிறது. “இனி எதற்கு இங்கிலீஷ் மாத்திரை? சூடு” என்று நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டார் சொன்ன வேர்ப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். இது பல வீடுகளில் நடப்பது. மாத்திரையை நிறுத்தியதும் அழுத்தம் மறுபடி ஏறும். வலி இல்லாததால் பாட்டிக்குத் தெரியாது. இன்னும் சிலர் இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். அது சர்ப்பகந்தாவாக இருந்தால் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கி, கழிப்பறைக்குப் போக எழுந்தவர் மயங்கி விழுவார். வயதானவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தால் படுக்கைதான்.

பாட்டியைத் திட்டிப் பயன் இல்லை. அவர் டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் டாக்டர் கோபிப்பார் என்ற பயம். சில டாக்டர்கள் கோபிக்கத்தான் செய்கிறார்கள். அது அவர்கள் தவறு. கோபித்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட வேண்டும். பொடி டப்பாவையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போவது நல்லது. சித்த, ஆயுர்வேத டாக்டரிடம் போகும்போதும் அதே பை. பல அரசு மருத்துவமனைகளில் ‘ஆயுஷ்’ என்ற பலகையோடு தனிப் பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர் கல்லூரியில் படித்துப் பட்டம் வாங்கிய டாக்டர். அவரிடம் கேட்கலாம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும் சர்ப்பகந்தாவைத் தொடவே கூடாது.

இன்றைக்கு ரெசர்பினை டாக்டர்கள் அதிகம் எழுதுவதில்லை. அதைவிடத் தொந்தரவு குறைந்த அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் வந்துவிட்டன. அவையும் இதே போலச் சோதனையில் தேறி வந்தவைதான்.

டப்பாவைக் கையில் எடுத்தால் சட்டப்படி அதில் சில விவரங்கள் இருக்க வேண்டும். ‘ஆயுர்வேத மருந்து’ அல்லது ‘சித்த மருந்து’ என்று போட்டிருக்க வேண்டும். என்னென்ன சேர்ந்திருக்கிறது, தயாரித்தவர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், தயாரித்த தேதி இவை இருக்க வேண்டும். நச்சுச் சரக்கு சேர்ந்த மருந்து என்றால், டாக்டர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று ஆங்கிலத்திலும் இந்தியிலும் எச்சரிக்கை இருக்கும். தமிழில் அந்த வரி இல்லாமல் போகலாம். அப்போது மருந்துக் கடைக்காரரிடமோ பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடமோ காட்டிப் படிக்கச் சொல்லலாம். ஒன்றுமே அச்சடிக்காத பாலித்தீன் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தால், உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவரைக் கேட்க வேண்டும். “பரம்பரை ரகசியம்” என்று அவர் சொன்னால், பொட்டலத்தை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.